திரும்பி வர வேண்டிய கை

மகனே, நீ இதைப் படிக்கும் நேரத்தில் நான் குசினியில் தலைபோகிற வேலை ஏதோ இருப்பதுபோல நடித்துக்கொண்டிருப்பேன். எட்டிப் பார்க்காதே. ஒரே கூரையின் கீழே, ஒரு சுவருக்கு அப்பால் படுத்திருக்கிற இருபத்துநான்கு வயது மகனுக்குக் கடிதம் எழுதுகிற அம்மாவைக் கண்டி மஹய்யாவ முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. நேரில் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, "இந்தத் தடவ டெஸ்டுக்கு நான் போகலம்மா. எனக்கு அந்தத் தெறம இல்ல" என்று சோற்றைப் பார்த்தபடி சொன்னாய். ஒரு தாய் அந்த இடத்தில் சொல்லக்கூடிய நல்ல வார்த்தைகள் எத்தனையோ இருக்கின்றன. நான் சொன்னது, "தெறம இல்லாட்டி என்னடா, தெருமுனக் கடையில கேட்டுப் பாரு." நீ பாதிச் சோற்றோடு எழும்பிப் போனாய். உன் அப்பா என்னைப் பார்த்த பார்வையில் மிச்சப் பாதி எனக்கும் இறங்கவில்லை. காகிதத்தில் எழுதினால் நாக்கு கொஞ்சம் அடங்கியிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குத் தெரிந்ததையே முதலில் எழுதுகிறேன். ஏனென்றால் இதை உங்கள் கராத்தே வகுப்பின் வருட மலரில் போடச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். உன்னை அறியாதவர்களும் படிப்பார்கள். ஏன் அப்படி என்று பின்னால் சொல்கிறேன். நீ கறுப்புப் பட்டித் தேர்வில் இரண்டு தடவை தோற்றாய். சண்டையில் அல்ல. சண்டையில் உன்னைப் பிடிக்க ஆளில்லை. என் அலுமாரியில் சேலைக்கு இடமில்லாதபடி உன் பதக்கங்கள் கிடக்கின்றன. நீ தோற்றது, சேர்ந்து ஒரு மாதமான பிள்ளையும் செய்கிற அடிப்படைப் பயிற்சியில். குதிரையில் உட்கார்ந்ததுபோலக் கால்களை அகட்டி நின்று, எண்ணிக்கைக்கு ஏற்ப நூறு குத்து. ஒரு கை முன்னால் போகும்போது மற்றக் கை பின்னால் வந்து, இடுப்புக்கு மேலே, விலாவோரமாக நிற்க வேண்டும். உன் வலது கை நூறாவது குத்து வரைக்கும் ஒழுங்காக வருகிறது. இடது கை முப்பதாவது வரைக்கும் ஒழுங்காக வருகிறது. அதற்குப் பிறகு, களைப்பு ஏற ஏற, விலாவுக்குப் போகாமல் தொப்புளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறது. இரண்டு தடவையும் தேர்வாளர்கள் தந்த தாளில் ஒரே ஒரு சொல்தான் எழுதியிருந்தது: ஹிக்கிதே. திரும்பி வருகிற அந்தக் கைக்கு ஜப்பான்காரர்கள் வைத்த பெயர். நீ அந்தத் தாளை நான்காக மடித்தாய், பட்டியைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே எறிந்தாய், சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு எடுத்த வகுப்பையும் விட்டாய். அடுத்த மாதம் கட்டாருக்கு வேலைக்குப் போகிறாய். தேர்வுக்கு இன்னும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். இதை விட்டால் அடுத்த தேர்வு எந்த வருடம், எந்த நாட்டில் என்று யாருக்கும் தெரியாது. திறமை இல்லை என்ற எண்ணத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு நீ விமானம் ஏறப்போகிறாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இனி உனக்குத் தெரியாதது. அந்த இடது கை உன்னுடையது அல்ல. என்னுடையது.

நானும் அதே மண்டபத்தில், அதே சீமெந்துத் தரையில், பதினைந்து வயதில் சேர்ந்து பச்சைப் பட்டி வரைக்கும் போனவள் என்று உனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். எப்படிப் போனேன் என்பதைத்தான் கொஞ்சம் அழகுபடுத்திச் சொல்லி வந்தேன். உண்மை என்னவென்றால், நான் அங்கே போனது சிரிப்பதற்கு. ஜப்பான் சொற்கள் ஒவ்வொன்றும் தமிழ்க் காதில் வந்து விழுந்தபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மாஸ்டரை 'சென்செய்' என்று கூப்பிட வேண்டும் என்றார்கள். "அதாவது, சென்று செய். அவரு செய்ய மாட்டாரு, நம்மதான் செய்யணும்" என்று நான் பக்கத்தில் நின்றவளுக்கு விளக்கம் சொன்னேன். குதிரை நிலைக்கு 'கிபா தாச்சி' என்று பெயர். "எந்தத் தாச்சி சேர், முட்ட பொரிக்கிறதா, மீன் பொரிக்கிறதா?" என்று கேட்டேன். நிறுத்தச் சொல்வதற்கு 'யமே' என்பார். எமனே வந்து கூப்பிட்டதுபோல நான் தரையில் விழுந்து கிடப்பேன். தொடங்கச் சொல்வதற்கு 'ஹஜிமே'. முன்வரிசையில் அக்குறணையிலிருந்து பஸ் ஏறி வருகிற நஸீர் என்று ஒரு பையன் நிற்பான். அவனுடைய வாப்பா அந்த வருடம்தான் ஹஜ்ஜுக்குப் போய் வந்திருந்தார். ஒவ்வொரு 'ஹஜிமே'க்கும் நான் பின்னாலிருந்து, "நஸீர், ஒங்க வாப்பாவத்தான் கூப்பிடுறாங்க" என்பேன். அவன் திரும்பாமலே, "வாயப் பொத்திட்டுச் செய்யுங்களேன், எண்ணிக்க பிழைக்குது" என்பான். அவனுக்கு எண்ணிக்கை முக்கியம். எனக்குச் சிரிப்பு முக்கியம். இரண்டு பேரும் ஆளுக்கொன்றில் தேறினோம்.

'ஹிக்கிதே' என்ற சொல் வந்த நாள் எனக்குத் திருநாள். சென்செய் அதைச் சொல்லி வாயை மூடுவதற்குள் நான், "விக்கிதே சேர், தண்ணி குடுங்க" என்றேன். மண்டபம் சிரித்தது. அன்றிலிருந்து அந்தச் சொல் வரும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து 'ஹிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். சொல்லுக்குப் பிறகு வருகிற விளக்கம் சிரிப்பில் அமுங்கிப் போய்விடும். ஒரு முறை ஜப்பானிலிருந்து ஒரு பெரிய மாஸ்டர் வந்தார். பின்வரிசை முழுவதோடும் நான் பேசி வைத்திருந்தேன். அவர் எங்கள் முன்னால் நின்று தன் கையைக் காட்டி, "ஹிக்கிதே" என்றார். பன்னிரண்டு பேர் ஒன்றாக விக்கினோம். அவர் பயந்துபோய், தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கையால் சைகை காட்டினார். எல்லோரும் முகத்தை நேராக வைத்துக்கொண்டார்கள். நான் மட்டும் வெடித்துவிட்டேன், அதனால் பிடிபட்டேன்.

எங்கள் சென்செய் தபால்காரர். சிங்களவர், இந்தப் பக்கத்து வீடுகளுக்குக் கடிதம் கொடுத்துக் கொடுத்தே தமிழ் பழகியவர். தங்கச்சி என்பதற்குச் சிங்களத்தில் 'நங்கி' என்பார். விருந்தாளி போனதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நங்கி, விக்கல் நிண்டிச்சா?"

"நிண்டிச்சு சேர்."

"நல்லம். இனி கெதான் பராய். வகுப்பு முடிஞ்சி எல்லாரும் போன பொறகு நூறு. பத்து நாள்."

கெதான் பராய் என்பது கீழே வருகிற உதையை முன்கையால் வீசித் தள்ளுகிற தடுப்பு. அது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன், "பராக்குப் பாத்தா பராயா சேர்?"

"இப்ப பதினொரு நாள்" என்றார்.

அதைச் சொல்வதற்கு முன் கச்சானைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ் இறங்கியதும் நான் ஒரு காகிதச் சுருள் வறுத்த கச்சான் கடலை வாங்குவேன். அதைக் கராத்தே உடுப்புக்குள், பட்டிக்கு மேலே, இடது பக்கமாகத் தொப்புளோரத்தில் சொருகி வைப்பேன். குத்து நடக்கும்போது இடது கை திரும்பி வந்தால் காகிதம் சரசரக்கும், சில சமயம் சுருள் நழுவி விழப்பார்க்கும். அதனால் அந்தக் கை விலாவுக்குப் போகாமல், சுருளை மெல்லப் பொத்தினாற்போல் அங்கேயே நின்றுகொள்ளும். வாரத்துக்கு மூன்று நாள், மூன்று வருடம். பின்வரிசையில் ஒருவர் கையை ஒருவர் பார்ப்பதில்லை. சென்செய் அந்தக் கையைப் பற்றிப் பேச வாயெடுத்தால் எனக்கு விக்கல் வந்துவிடும். யோசித்துப் பார், எனக்குச் சரியானதைச் சொல்லித் தரக்கூடிய ஒரே சொல்லை நானே கேலி செய்து கொன்றுவிட்டேன்.

பதினொரு நாள் தண்டனையில் கச்சான் இல்லை. சிரிக்க ஆளும் இல்லை. சென்செய் ஒரு முழத் தூரத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். பகிடி சொன்னால் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. பிழையாக வந்த தடுப்பை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார், அவ்வளவுதான். முதல் இரண்டு நாள் எப்போது நூறு முடியும் என்று எண்ணினேன். நான்காம் நாள் தோள் கல்லாகிவிட்டது, அழுதேன். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, அறுபதுக்குப் பிறகு நான் எதையும் செய்யவில்லை. கை தானாகப் போய் வந்தது. நான் அடுத்த நாள் கணக்குப் பரீட்சையை நினைத்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் சென்செய், "இண்டைக்கு நல்லம்" என்றார். நான் ஒன்றுமே செய்யவில்லையே என்று எனக்குக் குழப்பம். என் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த பயிற்சி அந்த ஆயிரத்து நூறுதான். மற்றதெல்லாம் கச்சான்.

அந்த ஆயிரத்து நூறு என்ன ஆனது என்று உனக்குத் தெரியும், ஆனால் இந்தக் கணக்கில் வைத்து நீ பார்த்திருக்க மாட்டாய். உனக்கு மூன்று வயது. கிறிஸ்மஸுக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று பேச்சுக் கொடுத்தாள், நான் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாயாடினேன். நீ எந்த வழியாக வந்தாய் என்று தெரியாது. தாச்சியின் பிடியில் உன் கை பட்டு இரும்பு உரசுகிற சத்தம்தான் கேட்டது. நான் திரும்பியதும் என் வலது கை வீசியதும் ஒன்றாக நடந்தன. கொதிக்கிற எண்ணெயோடு தாச்சி சுவரில் போய் மோதியது. உன்மேல் ஒரு சொட்டும் படவில்லை. என் முன்கையில் பட்டது. அந்தத் தழும்பைத்தான் நீ சின்ன வயதில் இலங்கைப் படம் என்று சொல்லி, விரலால் யாழ்ப்பாணத்திலிருந்து காலி வரைக்கும் தடவுவாய். அந்த அக்கா, "எப்பிடிப் பாத்தீங்க? முதுகக் காட்டிட்டுத்தானே நின்னீங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் பார்க்கவில்லை. பார்த்து, யோசித்து, முடிவெடுத்திருந்தால் உன் முகம் வேறாக இருந்திருக்கும். ஒரு தபால்காரர் பதினொரு நாள் தன் சாயங்காலத்தைச் செலவழித்து என் கையில் வைத்துவிட்டுப் போனது, நான் கேட்காமலே அன்றைக்கு வெளியே வந்தது.

ஐந்து வயதில் உனக்கு நான் பழக்கத் தொடங்கினேன். சோறு கொதிக்கிற நேரத்தில், குசினிக்கும் முன்னறைக்கும் நடுவில் உள்ள நடையில், நீயும் நானும் முகத்துக்கு முகம் நின்று குத்துவோம். நீ என்னைப் பார்த்து அப்படியே செய்தாய். ஒன்பது வயதில் மண்டபத்துக்குப் போனபோது, நான்கு வருடம் அம்மாவின் கை உனக்குள் போய்ப் படுத்துவிட்டிருந்தது. அங்கே எல்லோரும் "கை பின்னுக்கு, கை பின்னுக்கு" என்று கத்தினார்கள். நீயும் கேட்டாய். யோசித்துச் செய்யும்போது உனக்குச் சென்செய் கை வருகிறது. யோசிக்கத் தெம்பில்லாதபோது அம்மா கை வருகிறது. நீ பதக்கம் கொண்டுவந்தால் "யாரு மகன்?" என்று தெருவுக்கே கேட்பேன். நீ தோற்றபோது, "அந்த டெஸ்ட் எடுக்கிறவங்களுக்குப் பொறாம" என்றேன். அவர்களில் ஒருவர் முன்வரிசை நஸீர். இன்றைக்கு அவர் பெரிய மாஸ்டர். அக்குறணையில் சமையல் சாமான் கடையும் வைத்திருக்கிறார்.

நீ இரண்டாம் தடவை தோற்ற அடுத்த வாரம் நான் அவருடன் சண்டை பிடிக்கப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. கடை முழுக்கத் தாச்சியும் கேத்தலும் தொங்குகின்றன. நடுவில் தாடியெல்லாம் நரைத்து அவர் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கோ, வாங்கோ. எவ்வளவு காலம். என்ன வேணும்?"

"நியாயம் வேணும்."

"அது இங்க ஸ்டொக் இல்ல. தாச்சி ஈக்குது, மூணு சைஸ்ல."

என்னிடமிருந்துதான் பழகியிருக்க வேண்டும். நான் சிரிக்கவில்லை. "எம் மகன ஏன் ரெண்டு தடவ பெயிலாக்குனீங்க?" என்றேன்.

"நான் ஆக்கல்ல. அவர்ட எடது கைதான் ஆக்கிச்சி."

"அவன் கை நல்லாத்தான் இருக்கு. நான் பழக்குன கை."

அவர் முகம் மாறியது. "நீங்களா பழக்கின? அப்ப ஒரு பத்துக் குத்து காட்டுங்கோ."

"இங்கயா?"

"தாச்சிக்கு நடுவுல தாச்சி. நீங்க சொன்ன பகிடிதானே."

கேத்தல் வாங்க வந்த ஒரு பொம்பளை மூடியைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, காலை அகட்டி நின்று பத்துக் குத்து குத்தினேன். பத்தாவதில் அவர், "கைய எடுக்க வாணாம். அப்பிடியே நில்லுங்கோ. குனிஞ்சி பாருங்கோ" என்றார்.

குனிந்து பார்த்தேன். என் இடது கை தொப்புளோரத்தில் நின்றது. முட்டியாகக்கூட இல்லை. விரல்கள் கொஞ்சம் தளர்ந்து, எதையோ நசுங்காமல் பொத்திப் பிடித்ததுபோல.

"மகன்ட கையும் இதே மாதிரித்தான். இதே எடம், இதே மாதிரி லேசாத் தெறந்து. ரெண்டு தடவயும் நான் யோசிச்ச, இவர் என்னத்தப் புடிச்சிட்டு நிக்கிறாரு எண்டு" என்றார் நஸீர்.

கச்சான் சுருள். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகும் நான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்தச் சுருளைக் கண்ணாலும் காணாத நீயும் எனக்காக அதைப் பிடித்துக்கொண்டு, ஆறு தேர்வாளர்களுக்கு முன்னால், வியர்வை வழிய நின்றிருக்கிறாய். அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். முதன்முதலாக, சிரிக்காமல், நான் கேட்டேன்:

"அந்தக் கை எதுக்கு நஸீர்?"

"அத சென்செய் ஒவ்வொரு நாளும் சொன்னாரு. நீங்க விக்கிட்டு ஈந்தீங்க." பிறகு மெதுவாகச் சொன்னார், "ஆளப் புடிச்சிக் கிட்டத்துக்கு இழுக்கிற கை அது. அதோட அடுத்த குத்து அந்த எடத்துல இருந்துதான் பொறப்படோணும். முன்னுக்குப் போன கைய எல்லாரும் பாப்பாங்க. நாங்க திரும்பி வாற கையத்தான் பாக்குற."

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பத்திரிகையை இறக்காமலே, "நான் இத எப்பயோ சொன்னேனே. அம்மாவும் மகனும் வயித்தப் புடிச்சிக்கிட்டு சண்ட போடுறீங்கன்னு" என்றார். சொல்லியிருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

அன்றிலிருந்து இதைப் பற்றித்தான் யோசிக்கிறேன். தினமும் செய்கிற பயிற்சியைப் பற்றி மாஸ்டர்மார் மேடையில் பேசும்போது, அது ஏதோ புனிதமான விஷயம்போலப் பேசுகிறார்கள். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. பயிற்சிக்கு நல்லது கெட்டது தெரியாது. நீ எதைக் கொடுக்கிறாயோ அதை வாங்கி வைத்துக்கொள்கிறது. யோசிக்க நேரமில்லாத நேரத்தில் அப்படியே எடுத்து நீட்டுகிறது. என்னிடமிருந்து அது ஆயிரத்து நூறு உண்மையான தடுப்பை வாங்கியது, உன் முகத்தைத் திருப்பித் தந்தது. மூன்று வருடக் கச்சானையும் வாங்கியது. அதை உன் தேர்வில் தந்தது. அதனால்தான் சண்டையில் ஜெயிக்கிறவனிடமும் நூறு குத்துக் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன். முதல் முப்பதில் தெரிவது நீ காட்ட விரும்புகிற ஆள். எழுபதுக்குப் பிறகு நிற்பது, உள்ளே உண்மையாக இருக்கிற ஆள். சலிப்பாக இருக்கிறது என்று நீ சொல்வாய். சலிக்கத்தான் வேண்டும். சலித்த பிறகு வருவதைத்தான் திருத்த முடியும்.

இன்னொரு பொய்யையும் சொல்லி முடித்துவிடுகிறேன். செவ்வாயும் வியாழனும் கோயில் பாடகர் குழுவுக்குப் போகிறேன் என்று இரண்டு மாதமாகச் சொல்கிறேனே, எனக்குப் பாட வராது என்று உனக்குத் தெரியும், பாதிரியாருக்கும் தெரியும். நான் மண்டபத்துக்குப் போகிறேன். பச்சைப் பட்டியைக் கட்ட வெட்கமாக இருந்தது. வெள்ளைப் பட்டி கட்டிக்கொண்டு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்கிறேன். பழைய இடம், பின்வரிசை. ஆனால் இந்த முறை முன்னால் நிற்கிறவர்களின் கையைப் பார்த்தேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஐம்பதாவது குத்தைத் தாண்டும்போது, எனக்கு முன்னால் நான்கு சின்ன இடது கைகள் மெல்ல இறங்கித் தொப்புளோரத்தில் வந்து நின்றன. இரட்டைப் பின்னல் போட்ட ஒருத்தியிடம் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் கேட்டேன்.

"ஏன்மா கைய அங்க வெக்கிறீங்க?"

"எங்க சேர் அப்பிடித்தான் வெப்பாரு ஆன்ட்டி. மொதல்ல இங்க, களைச்சா அங்க."

"எந்த சேர்?"

உன் பெயரைச் சொன்னாள். "சேர் எப்ப வருவாரு?" என்றும் கேட்டாள். சுகமில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

இப்போது உனக்குத் தெரியும், ஏன் இதை மலரில் போடச் சொல்கிறேன் என்று. அந்த நான்கு பிள்ளைகளின் அம்மாமாரும் இதைப் படிக்க வேண்டும். அவர்கள் பிள்ளைகள் ஒரு நாள் தேர்வில் தோற்றால் திறமையில்லை என்று நினைக்கக்கூடாது. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். உன்னைக் குற்றம் சொல்லவும் கூடாது. என்னிடமிருந்து உனக்குக் கிடைத்ததை நீ அவர்களுக்குக் கொடுத்தாய், அவ்வளவுதான். இதை இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அம்மாவைப் பற்றி நீ வைத்திருக்கிற எண்ணம் கரைந்துவிடும் என்று பயந்தேன். நான் பயந்த ஒவ்வொரு நாளும் நீ உன்னையே குறைத்துக்கொண்டாய். ஞாயிற்றுக்கிழமை நீ அந்த வார்த்தையைச் சொன்னபோது, என் வாயில் உண்மை வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டுப் பகிடியைத் துப்பினேன். நான் செய்த குறும்புகளில் கச்சானைவிட, விக்கலைவிட, கேவலமானது அதுதான். மன்னித்துக்கொள்.

திருத்த முடியுமா என்று கேட்பாய். நஸீர் ஒரு வழி சொன்னார். பத்திரிகையை மடித்து இடது முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் வைத்து, அது விழாதபடி மெதுவாகக் கையை இழுக்க வேண்டும். வேகம் கூடாது. பழக்கம் உள்ளே போன வழியேதான் வெளியே வரும், ஒவ்வொரு குத்தாக. இரண்டு மாதத்துக்கு முன் என் கை பத்தில் இறங்கியது. இப்போது அறுபது வரைக்கும் நிற்கிறது. ஐம்பது வயதில், மூட்டுவலியோடு, பச்சைப் பட்டியோடு நின்றுபோன ஒருத்திக்கே இது வருகிறது என்றால் உனக்கும் வரும். மூன்று வாரம் போதுமா என்றுதான் எனக்குத் தெரியாது. போதாமல் போகலாம். மூன்றாம் தடவையும் தோற்கலாம். ஆனாலும் நீ போய் நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை, அதை மறைக்கப்போவதில்லை. தோற்றால் ஒரு கெட்ட பழக்கத்தால் தோற்றதாக இருக்கட்டும், திறமை இல்லாமல் அல்ல. பழக்கம் என்றால் அதற்கு மருந்து உண்டு. கட்டாரில் ஓர் அறையும் ஒரு பழைய பத்திரிகையும் கிடைக்காமலா போகும்?

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. தனியாகச் செய்யும்போது என் கை இறங்குவது எனக்குத் தெரிவதில்லை. அறுபதுக்குப் பிறகு அது விலாவில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பேன். பார்த்தால் வேறெங்கோ நிற்கும். உனக்கும் அப்படித்தான் இருக்கும். நம் இரண்டு பேரிடமும் இருப்பது ஒரே பிழை. ஆனால் என்னுடையதை நீ பார்க்கலாம், உன்னுடையதை நான் பார்க்கலாம். நாளைக் காலை ஐந்தரைக்கு நான் வீட்டுக்கு முன்னால், அந்தத் துண்டுச் சீமெந்துத் தரையில் நிற்பேன். உன் கதவைத் தட்டமாட்டேன். பால் எடுக்கப் போகிறவர்கள் பார்ப்பார்கள், பார்க்கட்டும். நீ வந்து எதிரே நின்றால் நூறும் நீயே எண்ணு. அறுபதைத் தாண்டிய பிறகு என் இடது கையிலிருந்து கண்ணை எடுக்காதே. இறங்கினால் ஓங்கித் தட்டு, அம்மா என்று பார்த்து விட்டுவிடாதே. நானும் உன்னை விடமாட்டேன்.

அம்மா